விலையுயர்ந்த வீணையில் மறைந்திருக்கும் வேலைக் குறைகள்: வாங்குபவர் தாமே சோதிக்கும் முறை

தஞ்சாவூர் வீணை 2013ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. அக்குறியீடு, ஒரு பொருள் இன்ன வட்டாரத்தில் இன்ன மரபுப்படி செய்யப்பட்டது என்பதற்குச் சான்றாகுமே தவிர, கடையில் எடுத்து வைக்கப்படும் குறிப்பிட்ட ஒரு வீணையின் பதினேழாம் மெட்டு சுருதியில் நிற்கிறதா என்பதற்குச் சான்றாகாது. ஒரே பட்டறையில் ஒரே மாதத்தில் முடிந்த இரண்டு வீணைகளில் ஒன்று நாதம் குறையாமல் பல்லாண்டு உழைப்பதும், மற்றொன்று முதல் கோடையிலேயே சுருதி கலைந்து நிற்பதும் இத்துறையில் இயல்பாக நடப்பவை. கையால் செய்யப்படும் கருவிக்கு ஆலைப் பொருளுக்குரிய இறுதிச் சோதனை என்று தனியே எதுவும் இல்லாததால், அந்தச் சோதனையை வாங்குபவரே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

வீணையின் விலையை உயர்த்துபவை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிபவை: ஒரே மரத்தில் குடைந்த உடல், யாளி முகத்தின் செதுக்கு வேலை, குடத்தைச் சுற்றிய நகாசுப் பட்டை, மேல்பூச்சின் பளபளப்பு. நாதத்தைத் தீர்மானிப்பவையோ மரத்தின் காய்ச்சல், தண்டியின் நேர்மை, மெழுகில் மெட்டு பதித்த நுணுக்கம், குதிரைத் தகட்டின் வளைவு ஆகியவை. இவற்றில் ஒன்றுகூட முதற்பார்வையில் தெரிவதில்லை. ஆகவே விலை கூடக்கூடக் குறை குறையும் என்ற எதிர்பார்ப்பு இக்கருவியின் விஷயத்தில் பொருந்தாது என்பதோடு, அலங்காரம் மிகுந்த வீணையில் ஒட்டும் விரிசலும் மறைந்துகொள்ள இடம் அதிகம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோவில் போன்ற ஊரிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் பயணம் செய்து தஞ்சாவூரில் வீணை வாங்குபவர், ஒவ்வொரு குறைக்கும் அதைத் திரும்பத் தூக்கிச் செல்வது செலவும் ஆபத்தும் கூடியது என்பதால், பட்டறையை விட்டுக் கிளம்புமுன்பே சோதனையை முடித்துக்கொள்வது நல்லது.

உறுப்புகளும் பெயர்களும்

பட்டறையில் பேசும்போது பெயர் தெரிந்திருந்தால் குறையைச் சுட்டுவது எளிது. ஒலி திரளும் பெரிய பானை வடிவப் பகுதி குடம். அதன் வாயை மூடியிருப்பது மேல்பலகை. குடத்திலிருந்து நீளும் கழுத்து தண்டி. அதன் முனையில் வளைந்து நிற்பது யாளி முகம். அதனருகே தண்டிக்கு அடியில் பொருத்தப்படுவது சுரைக்காய். தண்டியின் இரு ஓரங்களிலும் தேன்மெழுகும் கரியும் கலந்த கலவையால் மேடு எழுப்பி, அதன்மேல் பித்தளை அல்லது வெண்கலத்தாலான 24 மெட்டுகளைப் பதிப்பார்கள். இவ்வாறு சுருதிக்கேற்பப் பதிக்கும் வேலைக்கு மேளம் கட்டுதல் என்று பெயர். 24 மெட்டு அமைப்பு தஞ்சை ரகுநாத நாயக்கர் காலத்தில் நிலைபெற்றது என்பது மரபு. தந்திகள் ஏழு: வாசிப்புக்குரிய சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் என்ற நான்கும், தாளத்துக்குரிய பக்க சாரணி, பக்க பஞ்சமம், ஹெச்சு சாரணி என்ற மூன்றும். தந்திகளைத் தாங்குவது குதிரை, முறுக்குவது பிரடை, குடத்தின் ஓரத்தில் பிடித்து நிறுத்துவது நாகபாசம், சுருதியை நுணுக்கமாகச் சரிசெய்ய நாகபாசத்தை ஒட்டித் தந்தியில் நகரும் சிறு கம்பிச் சுருள் லங்கர்.

திருத்தக்கூடியவையும் திருத்த முடியாதவையும்

சோதனையில் தென்படும் குறைகள் அனைத்தையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடுவதுதான் வாங்குபவர் செய்யும் பெரும்பிழை. மேளம் கலைந்திருத்தல், மெட்டில் பள்ளம் விழுந்திருத்தல், குதிரைத் தகடு சரியாக உட்காராமை, பிரடை வழுக்குதல், தந்தி துருப்பிடித்தல் ஆகியவை எவ்வளவு எரிச்சலூட்டினாலும் தேர்ந்த கைவினைஞர் ஒருவர் சரிசெய்துவிடக் கூடியவை. தண்டி முறுக்கியிருத்தல், ஈர மரத்தில் குடைந்திருத்தல், குடத்தின் சுவரில் ஓடிய விரிசல், குடத்தைக் கூடுதலாகவோ சமமின்றியோ குடைந்துவிட்டமை ஆகியவை அப்படியல்ல. அவற்றைப் பூசி மறைக்கலாம், குணப்படுத்த முடியாது. முன்னவை விலையையும் தவணையையும் பற்றிப் பேச வேண்டிய குறைகள். பின்னவை வீணையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வர வேண்டிய குறைகள்.

மின் பேஸ் கிதாரோடு ஒப்பிட்டால் இந்த வேறுபாடு தெளிவாகும். 1951இல் ஃபெண்டர் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த பிரெசிஷன் பேஸ் முதற்கொண்டு, அவ்வகைக் கருவிகளின் கழுத்துக்குள் எஃகுக் கம்பி ஒன்று பதிக்கப்படுகிறது. கழுத்து வளைந்தால் அக்கம்பியின் திருகைச் சற்றுத் திருப்பி நேராக்கிக்கொள்ளலாம். வீணைத் தண்டிக்குள் அத்தகைய கம்பி கிடையாது. மரம் எப்படி நிற்கிறதோ அப்படியே மேளமும் நிற்கும். கழுத்தின் நேர்மை பேஸ் கிதாரில் பராமரிப்பு விஷயமாகவும் வீணையில் கொள்முதல் விஷயமாகவும் இருப்பது இதனால்தான்.

எழுத்தில் பெற வேண்டியவை

ஆவுடையார்கோவில் ஆத்மநாதசுவாமி கோயிலின் கொடுங்கை, அதாவது மரச்சட்டமும் ஆணியும் போலவே கல்லில் மெலிதாகச் செதுக்கிய கூரை விளிம்பு, மற்றொருவரால் செய்ய இயலாதது என்பதால், பழங்காலச் சிற்பிகள் பணி ஒப்பந்தம் எழுதும்போது அதைப் போன்ற வேலையை நீக்கியே ஒப்புக்கொள்வார்கள் என்று சொல்லும் வழக்கு உண்டு. அது எவ்வளவு வரலாறு, எவ்வளவு பெருமை என்பது ஒருபுறம் இருக்க, எதைச் செய்து தருவோம், எதைச் செய்து தரமாட்டோம் என்பதை முன்கூட்டியே எழுதிக்கொள்ளும் பழக்கம் வீணை வாங்குபவருக்கும் பயன்தருவதே. முன்பணம் கொடுக்கும்போதே கீழ்க்கண்டவற்றைச் சீட்டில் எழுதி வாங்க வேண்டும்:

1. உடல் ஏகாந்த வீணையா, ஒட்டு வீணையா என்பது. குடம், தண்டி, தலை மூன்றும் ஒரே மரத்துண்டில் குடையப்பட்டது ஏகாந்த வீணை; தனித்தனியே செய்து இணைக்கப்பட்டது ஒட்டு வீணை. நன்றாக இணைத்த ஒட்டு வீணை குறையுள்ள கருவி அன்று. ஒட்டு வீணையை ஏகாந்த விலைக்கு விற்பதுதான் குறை.
2. எந்தச் சுருதிக்கு மேளம் கட்டப்படுகிறது என்பது.
3. வாங்கிய பிறகு எத்தனை மாதத்துக்குள், எத்தனை முறை, கட்டணமின்றி மேளம் திருத்தித் தரப்படும் என்பது.
4. விரிசலோ ஒட்டுப் பிரிதலோ ஏற்பட்டால் மாற்றித் தருவார்களா, பழுது பார்த்துத் தருவார்களா என்பது.
5. தொகைக்கான முறையான ரசீது.

எடுத்துச் செல்ல வேண்டியவை

ஒரு சிறு டார்ச் விளக்கு, முறுக்கில்லாத மெல்லிய நூல், ஆறு அங்குல எஃகு அளவுகோல், அஞ்சல் அட்டை அளவிலான கெட்டித் தாள், சுருதிப்பெட்டி அல்லது சுருதி காட்டும் கைப்பேசிச் செயலி ஆகியவை போதும். வாசிக்கத் தெரியாதவர் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்வது நல்லது. ஆனால் கீழே வரும் சோதனைகளில் பெரும்பாலானவற்றுக்கு வாசிப்புத் திறமை தேவையில்லை.

சோதனை, வரிசைப்படி

வரிசையை மாற்றக் கூடாது. நாதத்தை முதலில் கேட்டவர் அதில் மயங்கி மரத்தைப் பார்க்க மறந்துவிடுவார். அலங்காரத்தை முதலில் பார்த்தவர் இரண்டையும் மறப்பார்.

1. மரத்தின் காய்ச்சல். வீணைக்குரிய மரம் பலா. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவுக்கு இத்தொழிலில் தனி மதிப்பு உண்டு. வெட்டிய மரம் நன்கு காய்வதற்கு மாதக்கணக்கில் அன்று, ஆண்டுக்கணக்கில் ஆகும். மேல்பூச்சு இல்லாத உட்பகுதியை நாதத் துளை வழியாக டார்ச் அடித்துப் பார்த்து, பச்சை மரவாடை வீசுகிறதா, உட்சுவரில் நூலிழை வெடிப்புகள் உள்ளனவா என்று கவனிக்க வேண்டும். அதே அளவுள்ள மற்றொரு வீணையைத் தூக்கி ஒப்பிட்டால், கை உணரும் அளவுக்குக் கனம் கூடுதலாக இருப்பது ஈரத்தின் அடையாளமாகவோ குடைவு போதாமையின் அடையாளமாகவோ இருக்கலாம். இரண்டுமே கேள்வி கேட்க வேண்டியவை.

2. ஒட்டும் விரிசலும். வீணையைத் திருப்பி, குடம் தண்டியோடு சேரும் அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும். ஏகாந்த வீணையில் மர ரேகை குடத்திலிருந்து தண்டிக்கு அறுபடாமல் ஓடும். அச்சேர்க்கையில் ரேகை திசைமாறினாலோ, அந்த இடத்தில் மட்டும் பூச்சு தடிப்பாக இருந்தாலோ, நகாசுப் பட்டை சரியாக அந்த இடத்தைச் சுற்றி ஓடினாலோ, அது ஒட்டாக இருக்கும் வாய்ப்பு அதிகம். டார்ச்சை நேராக அடிக்காமல், பரப்பை ஒட்டிச் சாய்வாக அடித்தால் மரத்தூளும் பசையும் கலந்து பூசிய இடங்கள் மேடு பள்ளமாகத் தெரியும்.

3. தண்டியின் நேர்மை. யாளி முனையிலிருந்து ஒரு கண்ணை மூடி, துப்பாக்கிக் குறி பார்ப்பதைப் போல, தண்டியின் இரு ஓரங்களையும் குடம் வரை பார்க்க வேண்டும். பின்னர் முதல் மெட்டின் மீதும் இருபத்து நான்காம் மெட்டின் மீதும் நூலை இழுத்துப் பிடித்து, நடு மெட்டுகளுக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியைக் கவனித்து, இதையே தண்டியின் மறு ஓரத்திலும் செய்ய வேண்டும். நடுவில் மிகச்சிறிய, சீரான தாழ்வு இருப்பதால் தீங்கில்லை. நடு மெட்டுகள் நூலை மேலே தூக்கினால் தந்தி இரையும். ஓர் ஓரத்தில் இடைவெளியும் மறு ஓரத்தில் முட்டலும் இருந்தால் தண்டி முறுக்கியிருக்கலாம். அப்போது தண்டியின் மர ஓரங்களையே மீண்டும் குறிபார்த்து, கோணல் மெழுகில் மட்டுமா, மரத்திலுமா என்று பிரித்தறிய வேண்டும். மரத்தில் என்றால் சோதனையை அத்துடன் நிறுத்திவிடலாம்.

4. தட்டிக் கேட்டல். மேல்பலகையை விரல் மூட்டால் மெதுவாக ஓரம் முழுதும் தட்டிவர வேண்டும். ஒலி ஓரிடத்தில் மட்டும் பொத்தென்று மாறினால் பலகைக்கும் குடத்துக்கும் இடையே ஒட்டு விட்டிருக்கலாம். குதிரையின் கால் ஊன்றிய இடத்தில் பலகை உள்வாங்கியிருக்கிறதா என்பதை அளவுகோலை நிமிர்த்தி வைத்துப் பார்க்கலாம்.

5. பிரடைகள். ஒவ்வொரு பிரடையையும் சற்று இறக்கி மீண்டும் ஏற்ற வேண்டும். நல்ல பிரடை துளையின் இரு பக்கமும் சமமாகப் பற்றி, விட்ட இடத்தில் நிற்கும். துளையில் சுண்ணப் பொடியோ காகிதமோ திணித்திருந்தால், துளை முட்டை வடிவமாகத் தேய்ந்துள்ளதா என்று பார்ப்பது அவசியம்.

6. சுருதி சேர்த்துக் காத்திருத்தல். ஏழு தந்திகளையும் சீட்டில் எழுதிய சுருதிக்குச் சேர்த்துவிட்டு அரை மணி நேரம் தொடாமல் வைக்க வேண்டும். புதுத் தந்தி சிறிது இறங்குவது இயல்பு. ஒருமுறை திருத்திய பிறகும் எல்லாத் தந்திகளும் ஒருங்கே இறங்கிக்கொண்டே போனால் தண்டியோ ஒட்டோ இழுவைக்கு வளைந்துகொடுக்கிறது என்று கொள்ள வேண்டும்.

7. மேளம்: சுருதி ஒப்பீடு. இச்சோதனைக்குச் செவி போதும், கருவி வேண்டாம். வீணை தன்னையே சோதித்துக்கொள்ளும் வகையில் அமைந்திருக்கிறது. கீழ்க்கண்ட இணைகள் ஒவ்வொன்றும் ஒரே சுரமாக ஒலிக்க வேண்டும்:
 அ. சாரணியின் 7ஆம் மெட்டும், வெறுந்தந்தியாக மீட்டிய பக்க பஞ்சமமும்.
 ஆ. சாரணியின் 12ஆம் மெட்டும், வெறுந்தந்தியாக மீட்டிய ஹெச்சு சாரணியும்.
 இ. பஞ்சமத்தின் 5ஆம் மெட்டும், வெறுந்தந்தியாக மீட்டிய சாரணியும்.
 ஈ. மந்தரத்தின் 7ஆம் மெட்டும், வெறுந்தந்தியாக மீட்டிய பஞ்சமமும்.
 உ. அனுமந்தரத்தின் 5ஆம் மெட்டும், வெறுந்தந்தியாக மீட்டிய மந்தரமும்.
ஒரே மெட்டு ஒரு தந்தியில் சரியாகவும் மற்றொன்றில் பிசகியும் ஒலித்தால், மெட்டு சாய்வாகப் பதிந்திருக்கலாம், அல்லது தந்தி மட்டமானதாக இருக்கலாம். தந்தியை மாற்றிப் பார்த்துவிட்டே முடிவுக்கு வர வேண்டும். அடுத்து 1 முதல் 12 வரையுள்ள ஒவ்வொரு மெட்டையும் அதற்குப் பன்னிரண்டு மெட்டு தள்ளியுள்ள 13 முதல் 24 வரையுள்ள மெட்டோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒரே சுரத்தின் இரு ஸ்தாயிகள். மேல் ஸ்தாயி மெட்டுகள் நெருங்கி அமைந்திருப்பதால் மயிரிழை நகர்ந்தாலும் சுரம் மாறும். அவசரமாகக் கட்டிய மேளம் பெரும்பாலும் அங்கேதான் அகப்படும்.

 குறிப்பு: கைப்பேசிச் செயலிகள் பெரும்பாலும் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரித்துக் கணக்கிடுபவை. வீணை மேளம் செவியால் கட்டப்படுவது. சுத்தமாக ஒலிக்கும் அந்தர காந்தாரத்தைச் செயலி சற்றுத் தாழ்ந்ததாகக் காட்டக்கூடும். சம பங்குப்படி அது 400 சென்ட், இயற்கை விகிதப்படி சுமார் 386 சென்ட் என்பதே காரணம். (சென்ட் என்பது ஒரு ஸ்தாயியை 1200 பங்காக்கிய நுண்ணளவு.) ஆகவே சட்ஜ பஞ்சமங்களைச் செயலியிலும் மற்றவற்றைச் செவியிலும் சோதிப்பது முறை. செயலியின் முள்ளைக் காட்டிக் கைவினைஞரிடம் வாதிடுவதால் நல்ல மேளம் கெட்டுப்போவதும் உண்டு.

8. மேளம்: மட்டமும் மெழுகும். எஃகு அளவுகோலின் விளிம்பை அடுத்தடுத்த மூன்று மெட்டுகளின் மேல், தந்திக்குப் பக்கத்தில், அழுத்தாமல் வைக்க வேண்டும். அளவுகோல் ஆடினால் நடு மெட்டு உயர்ந்திருக்கிறது. பிறகு மெழுகைப் பார்க்க வேண்டும்: நல்ல மெழுகு சீரான கருமையோடு, மெட்டின் இரு முனைகளையும் இடைவெளியின்றிப் பற்றியிருக்கும். வெடித்த மெழுகு பழையது. நகம் வைத்தால் பதியும் மெழுகு கலவை தவறியது. விரலால் மெட்டை முன்னும் பின்னும் மிக லேசாக அசைத்தால் அசைவே தெரியக் கூடாது.

9. கமகம். கிதாருக்கு எழுதிய எந்தச் சோதனைப் பட்டியலிலும் இதற்கு இத்தனை முதன்மை இராது. வீணைக்கோ இதுவே உரைகல். சாரணியை ஒரு மெட்டில் அழுத்தி, பக்கவாட்டில் இழுத்து, அடுத்த இரண்டு மூன்று சுரங்கள் வரை ஏற்றிப் பார்க்க வேண்டும். இழுக்கும்போது நாதம் கறகறத்தால் அடுத்த மெட்டு உயரம். இடையில் நாதம் செத்துப்போனால் மெட்டின் மேற்பரப்பில் பள்ளமோ சொரசொரப்போ உண்டு. விட்டதும் தந்தி பழைய சுருதிக்குத் திரும்பாவிட்டால் மேரு எனப்படும் தலைப்பக்கத் தாங்கியிலோ பிரடையிலோ தந்தி சிக்குகிறது. 24 மெட்டுகளிலும் இதைச் செய்வது சலிப்பூட்டும். எனினும் வாசிப்பு மிகுதியாக நிகழும் முதல் பதினைந்து மெட்டுகளிலாவது தவறாமல் செய்ய வேண்டும்.

10. குதிரை. முதன்மைக் குதிரை பலகையில் ஒட்டப்படுவதில்லை, தந்திகளின் அழுத்தத்தால் நிற்பது. அதன் கால்கள் பலகையோடு முழுமையாகப் பொருந்த வேண்டும். காலுக்கும் பலகைக்கும் இடையே கெட்டித் தாளின் விளிம்பு நுழைந்தால் நாதத்தின் ஒரு பங்கு அங்கேயே வீணாகிறது. மேல் தகட்டின் மிக மெல்லிய வளைவே தந்தியின் கார்வையை, அதாவது மீட்டிய பின் நீடிக்கும் ரீங்காரத்தைத் தருகிறது. ஒரு தந்தி மட்டும் எல்லா மெட்டுகளிலும் இரைந்தால் குற்றம் தகட்டில். ஒரு மெட்டு மட்டும் எல்லாத் தந்திகளிலும் இரைந்தால் குற்றம் மேளத்தில். தாளத் தந்திகளைத் தாங்கும் வளைந்த பக்கக் குதிரையையும் விரலால் தொட்டு, அதிர்வு மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். பொருள் விளங்காத இரைச்சலுக்குக் காரணம் பல சமயம் தளர்ந்த லங்கரோ, சுரைக்காயின் திருகோ, பின்னால் பொருத்திய ஒலிவாங்கியின் கம்பியோ ஆகும்.

11. அடங்கும் சுரம். எல்லாம் சரியாக இருந்தும், சில மெட்டுகளில் நாதம் எழுந்தவுடன் அடங்கிவிடுவது உண்டு. உடலின் சொந்த அதிர்வு அந்தச் சுரத்தின் ஆற்றலை உறிஞ்சிக்கொள்வதே காரணம். பேஸ் கிதார்களில் மிக மெல்லிய தந்தியின் ஐந்து முதல் ஏழாம் கட்டம் வரையுள்ள இடம் இதற்குப் பேர்போனது. விலை மிகுந்தவையும் விலக்கல்ல. வீணையில் இது ஒரு மெட்டில் லேசாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். அது சட்ஜத்திலோ பஞ்சமத்திலோ விழுந்தால் அந்த வீணை வேண்டாம்.

12. அலங்காரம். செதுக்கு வேலை, பட்டை, பூச்சு ஆகியவற்றை இப்போதுதான் பார்க்க வேண்டும். இதில் சொல்ல அதிகமில்லை: விளிம்பு தூக்கிய பட்டை, குமிழிட்ட பூச்சு ஆகியவற்றைச் சுட்டி, சரிசெய்து கேட்டால் போதும்.

பொதுவாக நேரும் பிழைகள்

ஒலிபெருக்கியில் இணைத்து வாசித்துக் காட்டும் வீணையைக் கேட்டு முடிவு செய்வது முதற்பிழை. ஒலிபெருக்கி குறையையும் மறைக்கும், இல்லாத கனத்தையும் சேர்க்கும். கருவியின் இயல்பான ஒலியை அமைதியான அறையில், மூன்று அடி தொலைவில் இருந்தும் வாசிக்கும் இடத்தில் இருந்தும் கேட்க வேண்டும்.

ஒரு சுருதிக்குக் கட்டிய மேளத்தை வேறொரு சுருதிக்கு ஏற்றிவிட்டு, மெட்டுகள் பிசகுகின்றன என்று முறையிடுவது மற்றொன்று. தந்தியின் இறுக்கம் மாறினால் அழுத்தும்போது ஏறும் சுருதியும் மாறும். வாய்ப்பாட்டுக்குத் துணையாக வாசிக்க விரும்புவோர், பாடுபவரின் சுருதியை முடிவு செய்த பிறகே மேளம் கட்டச் சொல்ல வேண்டும்.

புதுக்கோட்டை மாவட்டத்துக்கே உரிய பிழை ஒன்றும் நேரக்கூடும். வடகாடு, கீரமங்கலம் பக்கம் பலாத் தோப்புகள் நிறைந்திருப்பதால், சொந்தத் தோப்பில் சாய்ந்த மரத்தை வண்டியேற்றிக் கொண்டுபோய் அதிலேயே வீணை செய்து வாங்க வேண்டும் என்ற ஆசை எழுவது இயல்பு. மரத்தைக் கொடுக்கலாம், ஆனால் அது பட்டறையில் காய்வதற்கு ஆகும் ஆண்டுகளையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அடுத்த விஜயதசமிக்குள் முடித்துத் தரச் சொல்லும் அவசரத்தில் ஈர மரத்தில் குடைந்த வீணையின் விரிசலுக்குச் செய்தவர் மட்டும் பொறுப்பாகமாட்டார்.

பெயரை நம்புவதும் பிழையே. புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்தில் பிறந்த காரைக்குடி சகோதரர்களில் மூத்தவரான சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசித்தார் என்பதையும், இளையவரான சாம்பசிவ ஐயர் கிடையாக வைத்து வாசித்தார் என்பதையும் அறிந்தவர், அப்பாணியின் பெயரைச் சொல்லி விற்கப்படும் எந்த வீணையும் அதனாலேயே தமக்குப் பொருந்திவிடும் என்று எண்ணத் தேவையில்லை. வாங்குபவர் உட்காரும் விதத்தில், அவருடைய மடியிலும் முழங்காலிலும் சுரைக்காய் எப்படி அமைகிறது, இடக்கை கடைசி மெட்டு வரை எட்டுகிறதா என்பதே கேள்வி.

பாதுகாப்பு

பிரடையை ஏற்றும்போது முகத்தைத் தந்திக்கு நேராக வைக்கக் கூடாது. எஃகுத் தந்தி அறுந்தால் கண்ணைத் தாக்கும். கண்ணாடி அணிபவர் கழற்றாமல் இருப்பதும், சிறுவர்களைச் சற்றுத் தள்ளி நிறுத்துவதும் நல்லது. அறுந்த தந்தியின் முனையைச் சுருட்டி உடனே அகற்ற வேண்டும்.

நகர்ந்த மெட்டைச் சரிசெய்ய மெழுகுவத்தியையோ ஊதுபத்தியையோ காட்டி மெழுகை இளக்குவது வீட்டில் செய்யத் தக்கதன்று. ஒரு மெட்டைச் சரிசெய்யப் போய் அதன் அண்டையில் உள்ளவை நகரும். மேல்பூச்சு தீப்பற்றவும் கூடும்.

பழைய வீணைகளில் யானைத்தந்தமும் மான் கொம்பும் பதித்திருப்பதைக் காணலாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் இவற்றின் வணிகத்தைத் தடைசெய்திருப்பதால், அசல் தந்தம் என்று பெருமையாகச் சொல்லி விற்கப்படும் வீணையை வாங்குவது சட்டச் சிக்கலை விலைகொடுத்து வாங்குவதாகும். இன்றைய வீணைகளில் பிளாஸ்டிக் தகடே பதிக்கப்படுகிறது.

ஊருக்குக் கொண்டுவந்த பின்

1. பயணத்தில் தந்திகளை அரைச்சுரம் அளவுக்கு இறக்கினால் போதும். முழுதும் தளர்த்தினால் குதிரை விழுந்துவிடும். பெட்டிக்குள் யாளி முகத்துக்கும் தண்டிக்கும் அடியில் துணி கொடுத்து, எடை குடத்தில் தங்கும்படி வைக்க வேண்டும்.
2. பகலில் பயணம் செய்தால் வழியில் உணவுக்கு இறங்கும்போது வீணையை மூடிய காரில் விட்டுச் செல்லக் கூடாது. சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் மெழுகு இளகுவதற்கு அதிக நேரம் தேவையில்லை.
3. வீடு வந்ததும் பெட்டியைத் திறக்காமல் சில மணி நேரம் வைத்து, அறையின் வெப்பத்துக்குப் பழகவிட்டுப் பிறகு சுருதி சேர்க்க வேண்டும்.
4. அன்றே வீணையை எடை பார்த்து, தேதியோடு எழுதி வைக்க வேண்டும். அடுத்த சில மாதங்கள் மாதம் ஒருமுறை அதே தராசில் எடை பார்த்து, எடை தொடர்ந்து குறைந்துகொண்டே போனால் மரம் இன்னும் காய்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். மழைக்காலத்தில் சிறிது கூடுவதும் கோடையில் சிறிது குறைவதும் இயல்பு.
5. ஆவுடையார்கோவில் மீமிசல் கடற்கரைக்கு அருகில் இருப்பதால் உப்புக் காற்று எஃகுத் தந்தியில் விரைவில் துரு ஏற்றும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் தந்திகளையும் மெட்டுகளையும் துடைக்க வேண்டும். துருவேறிய தந்தி மெட்டை அரம்போல் அறுக்கும்.
6. ஐப்பசி, கார்த்திகை மழையையும் அதற்கடுத்த கோடையையும் வீணை ஒருமுறை கடந்த பிறகு மேளத்தைத் திருத்திக் கட்டச் செய்வது நல்லது. முதல் திருத்தத்தை வாங்கிய ஒரு மாதத்திலேயே அவசரப்பட்டுச் செய்துகொண்டால், பருவம் மாறியதும் அது மீண்டும் கலையும்; சீட்டில் எழுதிய இலவசத் திருத்தமும் தீர்ந்துவிடும்.

குறை பின்னர் தெரிந்தால்

முதலில் விரிசல் அல்லது ஒட்டுப் பிரிவின் படத்தை, அளவுகோலை அருகில் வைத்து, தேதி தெரியும்படி எடுத்துக்கொள்ள வேண்டும். அதன்பின் தாமாகவோ உள்ளூர்த் தச்சரைக் கொண்டோ எதையும் ஒட்டாமல், செய்தவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்; பிறர் கைபட்ட வீணைக்குப் பொறுப்பேற்கச் செய்தவர் மறுப்பதில் நியாயம் உண்டு. பெரும்பாலான குறைகள் இந்த அளவிலேயே தீர்ந்துவிடும், ஏனெனில் வீணை செய்பவர்களுக்கு வாய்மொழிப் பெயரே விளம்பரம்.

தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் முறையிடலாம். அடுத்த படி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. இச்சட்டப்படி விற்பனை நடந்த இடத்தில்தான் வழக்குத் தொடுக்க வேண்டும் என்பதில்லை; வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே, ஆவுடையார்கோவில்காரர் என்றால் புதுக்கோட்டையிலேயே, மனுச் செய்யலாம். குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்கு மிகாத பொருளுக்கு மனுக் கட்டணம் இல்லை. மனுவோடு ரசீது, ஒப்பந்தச் சீட்டு, படங்கள், எடைக் குறிப்பு, செய்தவருக்கு அனுப்பிய கடிதத்தின் நகல் ஆகியவற்றை இணைக்க வேண்டும். மரம் ஈரமாக இருந்தது என்பதற்கு மாதந்தோறும் எழுதி வைத்த எடைக் குறிப்பு நல்ல துணைச்சான்றாக உதவும் என்பதால், அதில் தராசின் வகையையும் எடை பார்த்த நேரத்தையும் சேர்த்து எழுதி வருவது நல்லது.